வரவு செலவு தெரிந்த டீச்சர்



லாரா இங்கல்ஸ் வைல்டர். குழந்தை இலக்கியத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 'லிட்டில் ஹவுஸ்' என்ற வரிசையில் அமெரிக்கக் குடியேற்றக் காலத்துக் கதைகளை எழுதியவர். தொலைக்காட்சித் தொடராகவும் வந்து உலகமெங்கும் ஓடிய கதைகள் அவை. அந்த வரிசையில் முதல் புத்தகம் 1932-ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 65.

அந்த 65 வயதுக்கு முந்தைய லாராவைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து நினைத்துப் பார்க்க விரும்புகிறேன். மூன்று பருவம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதன் பிறகு அறுபது வருஷத்துக்கும் மேல் ஒரு விவசாயியின் மனைவி. நாலு வரியில் சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அவருடைய புத்தகங்களுக்கு உயிர் கொடுத்ததே இந்த வாழ்க்கைதான் என்பது என் எண்ணம்.

1867-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர் லாரா. அப்பா சார்லஸ் ஓரிடத்தில் நிலைத்து நிற்காதவர். கான்சஸ், மின்னசோட்டா, அயோவா என்று வண்டி கட்டிக்கொண்டு குடும்பம் அலைந்தது. மின்னசோட்டாவில் விளைந்து நின்ற கோதுமையை வெட்டுக்கிளிக் கூட்டம் மொட்டையடித்துவிட்டுப் போனது. கடைசியாக 1879-இல் டகோட்டா பிரதேசத்தில் டி ஸ்மெட் என்ற புதிய ஊரில் வந்து தங்கினார்கள். அதே வருஷம் அக்கா மேரிக்கு நோய் கண்டு, இரண்டு கண்ணும் பார்வை போய்விட்டது. மேரிக்கு அப்போது 14 வயது.

லாரா டீச்சரானது இதனால்தான். அம்மா கரோலைன் கல்யாணத்துக்கு முன் ஆசிரியையாக இருந்தவர். தன் பெண்களில் ஒருத்தியாவது அந்த வேலைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. மேரிதான் போவாள் என்றிருந்தது. அது நடக்காமல் போனதும் பாரம் அடுத்த பெண் மேல் விழுந்தது. மேரி அயோவாவில் பார்வையற்றோர் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புக் கட்டணத்தைப் பிரதேச அரசு ஏற்றுக்கொண்டது. துணிமணி, ரயில் செலவு போன்றவற்றை வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பணத்துக்காகத்தான் லாரா தேர்வு எழுதினார். கிடைத்தது மூன்றாம் தரச் சான்றிதழ். பதினாறு வயது நிறையும் முன்பே டீச்சரானதாகத் தன் நாவலில் எழுதியிருக்கிறார்.

முதல் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து சுமார் 12 மைல். புல்வெளியின் நடுவே ஒரு பலகைக் குடிசை. பலகை இடுக்குகள் வழியாகப் பனித்தூள் உள்ளே வந்து விழும். நடுவில் ஒரு அடுப்பு. குளிர் தாங்காத நாளில் பிள்ளைகளை பெஞ்சிலிருந்து எழுப்பி, அடுப்பைச் சுற்றி நிற்க வைத்துப் பாடம் நடத்துவார். மாணவர்கள் ஐந்து பேர். அவர்களில் சிலர் டீச்சரைவிடப் பெரியவர்கள். தங்கியிருந்த வீட்டிலோ நிம்மதி இல்லை. அந்த வீட்டு அம்மாளுக்கு இந்த வனாந்தர வாழ்க்கை பிடிக்கவில்லை. ஒரு நாள் நடுராத்திரியில் அவர் கையில் கத்தியோடு நின்று புருஷனை மிரட்டியதைத் திரைச்சீலைக்குப் பின்னால் படுத்திருந்த பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் வழக்கம்போல் போய்ப் பாடம் நடத்தினாள். தனிமையில் வாடும் பெண்ணுக்கு மனம் எந்த அளவுக்கு முறியும் என்பதை அந்த வயதிலேயே பார்த்துவிட்டவர் லாரா.

வெள்ளிக்கிழமை தோறும் சறுக்குவண்டி கட்டிக்கொண்டு வந்து அவரை வீட்டுக்கு அழைத்துப் போனவர் அல்மான்சோ வைல்டர் என்ற இளம் விவசாயி. குதிரைகள் மூச்சு விட்டால் அந்த ஈரம் மூக்கிலேயே பனிக்கட்டியாக உறையுமாம். நடுவழியில் வண்டியை நிறுத்தி அதைத் துடைத்துவிட்டுத்தான் மேலே ஓட்ட முடியும். அந்தக் குளிரிலும் அவர் வராமல் இருந்ததில்லை. 1885 ஆகஸ்டில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. மணமான பெண் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் வழக்கம் அங்கே அப்போது இல்லை. டீச்சர் வேலை அத்தோடு முடிந்தது.

விவசாயிக்கு வாழ்க்கைப்பட லாராவுக்கு விருப்பமே இருக்கவில்லை. பெண்ணுக்கு அது மிகக் கடினமான இடம் என்று அவருக்குத் தெரியும். மூன்று வருஷம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் விட்டுவிடுவோம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் கழுத்தை நீட்டினார். இதை அவர் எழுதிவைத்திருக்கும் புத்தகம் 'தி ஃபர்ஸ்ட் ஃபோர் இயர்ஸ்'. அதில் வரும் கதிரடிப்பு நாள் எனக்கு மறக்கவே மறக்காது. புதுப்பெண் தன்னந்தனியாகக் கதிரடிக்கும் ஆட்கள் அத்தனை பேருக்கும் சமைக்கிறாள். பீன்ஸ் சரியாக வேகவில்லை. ருபார்ப் என்று ஒரு செடி, அதன் தண்டு புளிப்பாக இருக்கும். அதை வைத்துச் செய்த பணியாரத்தில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். வாயில் வைத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. மேல்மாவைத் தூக்கி, கை நிறையச் சர்க்கரையைத் தூவி, மறுபடி மூடிச் சாப்பிட்டார். சர்க்கரை அவரவர் ருசிக்குப் போட்டுக்கொள்வதே நல்லது என்று அவளுக்கும் ஆறுதல் சொன்னார்.

அதற்கடுத்த வருஷம் கோதுமை அமோகமாக விளைந்திருந்தது. அறுவடைக்கு ஆள் இறங்கும் நேரத்தில் ஆலங்கட்டி மழை. அரை மணிக்குள் எல்லாம் மண்ணோடு மண். அல்மான்சோ தரையில் கிடந்த ஆலங்கட்டிகளை அள்ளிவந்து ஐஸ்கிரீம் செய்யலாம் என்றார். அப்படிப்பட்ட மனுஷர். ஆனால் அன்றைக்குத்தான் லாராவுக்கு வேறொன்றும் தெரியவந்தது. குடியிருக்கும் வீட்டின் மேலேயே 500 டாலர் கடன் இருக்கிறது. புது மனைவியிடம் அதுவரை யாரும் அதைச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வறட்சியையும் ஆலங்கட்டியையும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வயலிலும் அடுப்படியிலும் சரிபாதி உழைத்த பெண்ணுக்குக் குடும்பத்தின் கடன் கணக்கு தெரியாமல் இருந்ததே, அது இயற்கை செய்த வேலை இல்லை. பின்னாளில் லாரா செய்தவற்றையும் எழுதியவற்றையும் பார்க்கும்போது, அன்றைக்கே அவருக்குள் ஏதோ ஒன்று தீர்மானமாகிவிட்டது என்று எனக்குப் படுகிறது.

அடுத்த மூன்று வருஷமும் அடிமேல் அடி. 1888-இல் இருவருக்கும் தொண்டை அடைப்பான் நோய் வந்தது. அல்மான்சோவின் நடை அதற்குப் பிறகு முழுதாகச் சரியாகவே இல்லை. 1889-இல் பிறந்த ஆண் குழந்தை பெயர் வைக்கும் முன்பே இறந்தது. அதே மாதத்தில் வீடும் தீப்பற்றி எரிந்துபோனது. எஞ்சியது பெண் குழந்தை ரோஸ் ஒருத்திதான்.

1894-இல் வண்டி கட்டிக்கொண்டு மிசூரி மாநிலத்தின் ஓசார்க் மலைப்பகுதிக்கு வந்தார்கள். மான்ஸ்ஃபீல்ட் என்ற ஊருக்கு அருகில் 40 ஏக்கர் வாங்கினார்கள். கல்லும் முள்ளுமான நிலம். ஜன்னல் இல்லாத ஒரு மரக் குடிசை. நடுவதற்குக் காத்திருந்த ஆப்பிள் கன்றுகள். ராக்கி ரிட்ஜ் என்று பெயர் வைத்தார்கள். காடு திருத்த வேண்டும், கணவருக்கோ காலில் பலமில்லை. இரண்டு பேர் இழுக்கும் ரம்பத்தின் மறுமுனையை லாரா பிடித்தார். அறுத்த விறகில் முதல் பாரம் 50 சென்ட்டுக்கு விற்றது. அந்தப் பண்ணை படிப்படியாக 200 ஏக்கர் அளவுக்கு வளர்ந்தது. நடுவில் சில வருஷம் டவுனில் குடியிருந்து, வெளியாட்களுக்குச் சாப்பாடு போட்டும் லாரா சம்பாதித்திருக்கிறார்.

கோழி வளர்ப்பில் லாரா பெயர் வாங்கினார். பனிக்காலத்தில் மற்றவர்கள் வீட்டுக் கோழிகள் முட்டையை நிறுத்தும்போது இவர் வீட்டில் முட்டை இருக்கும். கோழி பற்றி அவர் எழுதி அனுப்பிய உரை ஒரு கூட்டத்தில் வாசிக்கப்பட, அதைக் கேட்ட 'மிசூரி ரூரலிஸ்ட்' என்ற விவசாயப் பத்திரிகை ஆசிரியர் எழுதக் கூப்பிட்டார். 1911 முதல் 1924 வரை தொடர்ந்து எழுதினார். மாடு, பால், சமையல், அக்கம்பக்கத்துப் பேச்சு என்று எல்லாம் வரும். அவற்றினூடே ஒரு கருத்து விடாமல் ஓடும். விவசாயியின் மனைவி அந்தத் தொழிலில் ஒரு பங்காளி, பண்ணையின் வரவு செலவு அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு தனக்கு ஓட்டுரிமை வேண்டாம் என்று சொன்னவராக நாவலில் தன்னைக் காட்டியிருக்கிறார். அந்த உரிமை வரும் தறுவாயில், 1919-இல், பெண்கள் ஓட்டுப் போடுவது கடமை என்று எழுதியவரும் அவரே.

எழுதியதோடு நிற்கவில்லை. 1916-இல் அமெரிக்க அரசு விவசாயிகளுக்கு நீண்டகால நிலக்கடன் தர ஒரு சட்டம் கொண்டுவந்தது. வட்டி ஆறு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உள்ளூர் விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து வாங்க வேண்டும். நம் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை மனதில் வைத்துக்கொண்டால் புரியும். மான்ஸ்ஃபீல்ட் சங்கத்தின் செயலாளரும் பொருளாளரும் லாராதான். ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் கடன் அவர் கைவழியாகப் பட்டுவாடா ஆயிற்று. தன் வீட்டுக் கடனே தெரியாமல் இருந்த பெண், ஒரு வட்டாரத்துக்கே கடன் கணக்கு எழுதினார்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். லாராவின் அப்பா கான்சஸில் வீடு கட்டிய நிலம் ஓசேஜ் பழங்குடி மக்களுடையது. அந்த மக்களை அவருடைய புத்தகங்கள் சித்திரிக்கும் விதம் இன்றைக்குப் படிக்கும்போது மனத்தை உறுத்தும். அதனால்தான் அவர் பெயரில் இருந்த விருதின் பெயரை அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழந்தை நூலகப் பிரிவு 2018-இல் மாற்றியது. அது நியாயமான முடிவு என்றே நான் கருதுகிறேன். நூல்களைச் செப்பனிட்டதில் மகள் ரோஸுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதையும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஆனால் பனி புகுந்த பள்ளிக்கூடமும், சர்க்கரை மறந்த கதிரடிப்பு நாளும் லாரா வாழ்ந்து பார்த்தவை.

1949-இல் அல்மான்சோ 92 வயதில் காலமானார். 1957 பிப்ரவரியில், 90 வயது நிறைந்த மூன்றாம் நாள், ராக்கி ரிட்ஜ் வீட்டிலேயே லாராவும் மறைந்தார்.

அவருடைய புகழ்பெற்ற புத்தகங்களைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறவர்கள் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஓசேஜ் மக்களைப் பற்றியும் சொல்லிக்கொடுங்கள். உங்களுக்கென்று ஒன்று தேர்ந்தெடுப்பதானால் 'தி ஃபர்ஸ்ட் ஃபோர் இயர்ஸ்' புத்தகத்தை எடுங்கள். அவர் உயிரோடு இருந்தவரை அச்சுக்குக் கொடுக்காத கையெழுத்துப் பிரதி அது. 1971-இல்தான் வெளிவந்தது. மெருகு கம்மி. சின்னப் புத்தகம், இரண்டு மாலையில் படித்து முடித்துவிடலாம். ஒரு விவசாயி மனைவியின் கணக்கு வழக்கு எல்லாம் அதில் இருக்கிறது.