மெட்டுக் கட்டுவோருக்குக் காதும் வேண்டும்

(திருப்பனந்தாளில் கலைக் குழுவினரிடையே ஆற்றிய உரையிலிருந்து)



"மெட்டுப் போடுகிறவன் பிறர் சங்கீதத்தைக் கேட்கலாமா? சொந்தச் சரக்கு கெட்டுப்போகாதா?" என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்டே ஆகவேண்டும் என்பது நமது பதில்.

நம் திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர், சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தபோது வெள்ளைக்காரரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். அவர் தம்பி பாலுசாமி பிடில் கற்றார். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா?

வங்கத்து சலீல் சௌத்ரி அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். வீட்டில் தகப்பனாரின் மேனாட்டு இசைத்தட்டுகள். வெளியே தோட்டத் தொழிலாளரின் பாட்டு. இரண்டையும் கேட்டார். 1940களில் விவசாயிகள் போராட்டத்துக்குப் பாட்டுக் கட்டியபோது இரண்டும் கைகொடுத்தன.

ஆனால், கேட்பதோடு நின்றால் போதாது. சினிமா மெட்டில் நமது கோரிக்கையை ஏற்றிப் பாடினால் ஜனங்கள் சினிமாவைத்தான் நினைப்பார்கள். தீட்சிதரும் பாண்டு மெட்டோடு நின்றுவிடவில்லை. நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளைத் தாமே படைத்தார்.

ஆகவே, எல்லாவற்றையும் கேளுங்கள். நாதசுரத்தைக் கேளுங்கள், பறையைக் கேளுங்கள். நடவு வயலில் நம் பெண்கள் பாடுவதைக் கரையில் நின்று கேளுங்கள். அந்தப் பாட்டுக்குச் சபாக்களில் இடமில்லை. நம் காதிலுமா இடமில்லை?