நடிகை சுகுமாரியும் நம் இல்லத்துப் பெண்களும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நடிகை சுகுமாரி அவர்களின் கலை வாழ்வைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் கலைத்துறையில் வல்லுநர் அல்லோம். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணி செய்பவர். எனினும், இப்பொருளைப் பற்றிப் பேசும் கடமை எமக்கு ஒன்று உண்டு. அதனை இறுதியில் கூறுவோம்.

சுகுமாரி 1940-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் நாகர்கோவிலில் பிறந்தார். பெற்றோர் மலையாளிகள், பிறந்த ஊரோ தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் ஊர். திருவிதாங்கூர் சகோதரிகள் எனப் புகழ்பெற்ற லலிதா, பத்மினி, ராகினி ஆகியோர் அவருக்கு உறவினர். இளமையிலேயே நாட்டியம் பயின்ற அவர், 1951-இல் வெளிவந்த 'ஓர் இரவு' என்னும் தமிழ்ப் படத்தில் தோன்றியபோது அவருக்கு வயது பத்து.

பின்னர் அவர் நாடக மேடைக்கு வந்தார். சோ அவர்களின் விவேகா பைன் ஆர்ட்ஸ் குழுவில் சேர்ந்து, ஆயிரக்கணக்கான முறை மேடை ஏறினார். திரைப்படத்தில் பிழை நேர்ந்தால் காட்சியை மீண்டும் எடுக்கலாம். மேடையிலோ, விட்ட சொல் விட்டதே. அவையோர் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, அடுத்த சொல்லைச் சரியான நொடியில் சொல்ல வேண்டும். 'பூச்சக்கொரு மூக்குத்தி' (1984), 'போயிங் போயிங்' (1985) போன்ற மலையாளப் படங்களில் அவரது நகைச்சுவையைக் கண்டு நாம் சிரித்தோம். அந்த நயத்திற்கு உரமிட்டது மேடைப் பயிற்சியே என்பது எம் கருத்து.

'பாசமலர்' முதலிய படங்களை இயக்கிய ஏ. பீம்சிங் அவர்களை அவர் மணந்தார். 1978-இல் கணவர் மறைந்தபோது சுகுமாரிக்கு வயது முப்பத்தேழு. அத்துன்பத்திலும் அவர் தம் தொழிலைக் கைவிடவில்லை. தாயாக, மாமியாராக, பாட்டியாகத் திரையிலும், பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். 2003-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவருக்குத் தேசிய விருதைத் தந்த படம் நம் பாலக்காட்டு மண்ணைச் சேர்ந்தது என்பது நாம் பெருமையுறத்தக்க செய்தி. மோகன் சர்மா இயக்கிய 'நம்ம கிராமம்' பாலக்காட்டு அக்கிரகாரத்து வாழ்க்கையையும், இளமையில் கைம்மை அடைந்த பெண்ணின் துயரையும் காட்டுவது. தமிழிலும் மலையாளத்திலும் உருவான அப்படத்திற்காக, 2010-ஆம் ஆண்டின் சிறந்த துணை நடிகைக்கான விருது சுகுமாரிக்குக் கிடைத்தது. 2011-இல் அதனை அறிவித்தபோது அவருக்கு வயது எழுபது.

வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசி வளர்வதால் நம் பிள்ளைகளுக்கு இரண்டும் அரைகுறையாகிவிடும் என்று நாம் வருந்துகிறோம். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், தேவிகுளம், பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இவ்வருத்தம் உண்டு. சுகுமாரிக்கோ இரண்டு மொழிகளும் இரண்டு கைகளாக அமைந்தன.

பூசை அறையில் விளக்கேற்றியபோது நேர்ந்த தீக்காயத்திற்குச் சிகிச்சை பெற்று வந்த அவர், 2013 மார்ச் 26-இல் சென்னையில் காலமானார்.

இனி, எம் கடமைக்கு வருவோம். சென்ற ஆண்டு விழா நாடகத்தில் தாய் வேடத்திற்கு எம் மகளைக் கேட்டனர். மூன்று வாரம் ஒத்திகைக்குச் சென்றாள். அவளுடைய பாட்டி, "நாளைக்கு வரன் தேடும்போது நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே" என்றார். யாம் வாய் திறவாமல் பெண்ணை நிறுத்திவிட்டோம். நண்பர் ஒருவர் மீசையை மழித்துக்கொண்டு அவ்வேடம் ஏற்றார். இடையில் அவர் வசனம் மறந்து நின்றபோது, திரைக்குப் பின்னாலிருந்து சொல் எடுத்துக் கொடுத்தது எம் மகளின் குரல். முன் வரிசையில் அமர்ந்திருந்த எமக்கு அக்குரல் நன்கு கேட்டது. அவையோர் நண்பருக்குக் கை தட்டினர். யாம் தலை கவிழ்ந்தோம்.

சுகுமாரியின் நடிப்பை வீட்டில் அமர்ந்து சுவைப்போம். நம் பெண் மேடை ஏறினால் மட்டும் மானம் போகும் என்போம். இது என்ன நியாயம்? எல்லாப் பெண்களும் நடிகையாக வேண்டும் என்று யாம் சொல்லவில்லை. விருப்பமும் திறமையும் உள்ள பெண்ணைத் திரைக்குப் பின்னால் நிறுத்த வேண்டா என்பதே எம் வேண்டுகோள்.

இவ்வாண்டு, "நாடகத்தில் சேர்கிறாயா அம்மா?" என்று யாமே கேட்டோம். அவள் உடனே விடை கூறவில்லை. "பாட்டியிடம் யார் சொல்வது, அப்பா?" என்றாள். யாமே சென்று சொன்னோம். பாட்டியார் இரண்டு நாள் எம்முடன் பேசவில்லை. இன்று அவரும் வந்து இம்மன்றத்தில் அமர்ந்திருக்கிறார்.

இன்னும் சிறிது நேரத்தில் திரை விலகும். தாய்மார்களும் பெரியோர்களும் வந்து நடிக்கும் பிள்ளைகள் அனைவரையும் வாழ்த்துமாறு வேண்டி அமைகிறோம்.