வட்டிக்குத் தேதி உண்டு, கூலிக்கு?

(கள்ளக்குறிச்சியில் இளைஞர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நோட்டீஸில் ‘பேரியல் பொருளாதாரம்’ என்று போட்ட பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் ஓடத் தோன்றும். நான் ஆய்வு செய்யும் துறையிலேயே பலருக்குத் தோன்றும். ஆனால் நான் பேசப்போவது நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி: மார்க் போடுவது. யார் போடுகிறார்கள், யாருக்குப் போடுகிறார்கள், எதைப் பார்த்துப் போடுகிறார்கள்?

2025 ஆகஸ்ட் 14 அன்று எஸ் அண்ட் பி என்ற நிறுவனம் இந்தியாவின் கடன் தரத்தைப் ‘பிபிபி மைனஸ்’ என்பதிலிருந்து ‘பிபிபி’ ஆக உயர்த்தியது. 2007க்குப் பிறகு அவர்கள் நமக்குக் கொடுத்த முதல் உயர்வு. பொருளாதாரம் வளர்கிறது, அரசு பற்றாக்குறையைக் கட்டுக்குள் கொண்டுவருகிறது, செலவின் தரம் கூடியிருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். ஒன்றிய அரசின் நிதிப் பற்றாக்குறை 2020-21இல் உள்நாட்டு உற்பத்தியில் 9 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2024-25இல் 4.8 சதவீதம். மார்க் கூடியதற்கு முக்கியக் காரணங்களில் இந்த இறக்கமும் ஒன்று.

உலக வங்கியும் இப்படி ஒரு தாள் திருத்துகிறது. வளரும் நாடுகளின் கொள்கைகளுக்கும் நிர்வாகத்துக்கும் 16 தலைப்புகளில் 1 முதல் 6 வரை மார்க். முதல் கொத்து பொருளாதார மேலாண்மை: பணக் கொள்கை, வரவு செலவு, கடன். ஏழை நாடுகளுக்குச் சலுகைக் கடன் எவ்வளவு என்று முடிவுசெய்வதில் இந்த மார்க்குக்குப் பங்குண்டு. இதே வங்கி நடத்திய ‘தொழில் செய்வதன் எளிமை’ தரவரிசையை, தரவுகளில் முறைகேடு நடந்ததாகத் தெரிந்த பிறகு 2021இல் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பட்டியலில் நாம் முன்னேறியதற்கு ஊரெல்லாம் பேனர் வைத்தவர்கள் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

இந்த மார்க் எல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும். 2019 இறுதியில் வரியை வெட்டினார்கள், பிறகு டாலர் தீர்ந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அந்த ஆண்டு விலைவாசி ஏறிய வேகத்தில் முதலில் அடி வாங்கியது கூலிக்காரர் வீட்டு அடுப்பு. மோசமான நிர்வாகத்தின் விலையை ஏழைகள்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அதைச் சரிசெய்ததன் விலையை யார் கொடுத்தது? 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகள் வைத்திருந்த ரூபாய்க் கருவூலப் பத்திரங்களைத் தொடவில்லை. தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியத்தின் பத்திரங்களில் கைவைத்தார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 100 நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் நாடு முழுவதும் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது விழுப்புரமும் அதில் ஒன்று. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரத்துக்குள் இருந்தது, 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமானது. ஆக, இந்தத் திட்டத்தில் நாம் முதல் செட். கல்வராயன் மலையை 1976 வரை ஜாகிர்தார்கள் வைத்திருந்தார்கள். அங்கே மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துக்கொள்ளும் நண்பர்கள் எனக்கு இன்னும் இருக்கிறார்கள்) கூலியில்லாமல் அவர்கள் நிலத்தில் உழைக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மலையில், வேலை முடிந்த 15 நாளுக்குள் கூலி என்று சட்டத்திலேயே எழுதியதை நான் சின்ன விஷயமாகப் பார்க்கவில்லை.

2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் அந்தக் கூலி நின்றது. 2025 மார்ச்சில் மாநில அரசு சொன்ன பாக்கி 4,034 கோடி ரூபாய். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் பணம் வரத் தொடங்கியது. நடுவில் என்ன நடந்தது? மார்ச் 31 வந்தது, நிதியாண்டு முடிந்தது. ஒன்றிய அரசு கணக்கு எழுதுவது ரொக்க முறையில். கஜானாவை விட்டுப் பணம் வெளியே போனால்தான் செலவு. போகாவிட்டால், மண் வெட்டியாகிவிட்டது, வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டது என்றாலும், அந்த வருடத்துக் கணக்கில் அது செலவே இல்லை. அந்த 4.8 சதவீதத்தில் இந்தப் பாக்கி சேராது. நாட்டின் மொத்தத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான், இதனால் மட்டும் மார்க் மாறிவிடாது. ஆனால் மார்ச் 31 வரை போகாத கூலி ஒவ்வொன்றும் பற்றாக்குறையைக் குறைத்துக் காட்டும் பக்கத்தில்தான் நிற்கிறது.

அரசு தன் கடன் பத்திரத்துக்கான வட்டியைக் குறித்த தேதியில் கட்டத் தவறினால் ரேட்டிங் நிறுவனங்கள் அந்த நாட்டைக் ‘கடன் தவறியவர்’ என்று எழுதும். இலங்கைக்கு அப்படித்தான் எழுதினார்கள். கூலி தவறினால்? பதினாறாவது நாளிலிருந்து நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு என்று 100 நாள் வேலைச் சட்டத்தில் விதி வைத்தார்கள். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். ஆறு நாள் வேலைக்கு 2,016. அதற்கு இழப்பீடு நாளொன்றுக்கு ஒரு ரூபாய். அதிலும், பணப் பரிமாற்ற உத்தரவை மாநிலம் போடும் வரையிலான தாமதத்தைத்தான் கணக்கில் எடுத்தார்கள். அதற்குப் பிறகு டெல்லியில் தேங்குவதைச் சேர்க்கவில்லை. ஒன்றிய அரசு இந்தப் பொறுப்பிலிருந்து ஒதுங்க முடியாது என்று 2018 மே மாதம் ஸ்வராஜ் அபியான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சாதி எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். 2021இல் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 100 நாள் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று மூன்றாகப் பிரித்துப் போடச் சொன்னது. பட்டியல் மக்களுக்கு ஒதுக்கிய பணம் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கத்தானே, நல்லதுதானே என்று தோன்றும். நடந்தது வேறு. ஒரே ஏரியில் ஒன்றாக மண் சுமந்தவர்களுக்கு மூன்று தனித்தனித் தேதிகளில் பணம் ஏறியது. எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டு பின்வாங்கினார்கள். எனக்கு இதில் உறுத்துவது இன்னொன்று. பட்ஜெட்டில் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் நலனுக்கு இவ்வளவு என்று காட்டும் அறிக்கைகளில் இந்தக் கூலியும் சேர்கிறது. வெயிலில் உழைத்து வாங்கிய கூலி, நமக்குச் செய்த நலத்திட்டமாகக் கணக்கில் ஏறுகிறது! துணைத்திட்டம் என்ற யோசனை 1970களில் வந்தது இதற்காகவா?

மாநிலங்களுக்கும் மார்க் உண்டு. நிதி ஆயோக் 2025 ஜனவரியில் வெளியிட்ட நிதிநிலைக் குறியீட்டில் ஒடிசா 67.8 வாங்கி முதலிடம். சத்தீஸ்கர் இரண்டாவது, ஜார்க்கண்ட் நான்காவது. ஒடிசாவின் வரியல்லா வருவாயில் சுரங்கத்தின் பங்கு பெரியது, சத்தீஸ்கருக்கு நிலக்கரி. அந்த மலைகள் யாருடையவை என்பதற்கு அந்தக் குறியீட்டில் தனி மார்க் இல்லை. நமக்கு அந்த அளவுக்குச் சுரங்க வருவாய் இல்லை, டாஸ்மாக் இருக்கிறது. 2023-24இல் அதன் வழியாக அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். சொந்த வருவாய் திரட்டினால் மார்க் கூடும். 2024 ஜூனில் இதே ஊரில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் தினக்கூலிகள், பலர் தலித்துகள். டாஸ்மாக் குவாட்டரைவிட பாக்கெட் மலிவு. கடையில் விலை ஏறினால் வருவாய்ப் பத்தியில் நல்லது. கட்டுப்படியாகாதவர் பாக்கெட்டுக்குப் போனால் அது வேறு துறையின் கோப்பு. சாவு நடந்த பிறகு கல்வராயன் மலையின் சாலையும் பள்ளியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்டது. அதற்கு முன் எந்தக் குறியீடும் கேட்கவில்லை.

நாமும் ஒரு தாள் திருத்தலாம். ஒரே தலைப்பு போதும்: வேலை முடிந்த தேதிக்கும் கணக்கில் பணம் ஏறிய தேதிக்கும் நடுவில் எத்தனை நாள். இரண்டு தேதியும் திட்டத்தின் இணையதளத்தில் இருக்கின்றன, ஊராட்சி வாரியாகத் தேடலாம். சின்னசேலம், சங்கராபுரம் தோழர்கள் ஆளுக்கு ஐந்து வேலை அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் போகிறவர்கள் போனை நம்ப வேண்டாம், சிக்னல் இருக்காது. நோட்டு, பேனா, கூடவே பாஸ்புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கும் பொறுமை வேண்டும். அடுத்த கூட்டத்தில் அந்த நாட்களை ஊர் வாரியாகப் பலகையில் எழுதுவோம்.