பச்சைத் திரையும் வண்ணத் திரையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் வேலையைப் பத்தி ஏதாவது பேசுப்பா" என்றார்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரம் நான் அழுத கதையிலிருந்தே தொடங்குகிறேன். பயிற்சியில் ஜாவா படித்த என்னை ஒரு வெளிநாட்டு வங்கியின் மெயின்பிரேம் வேலையில் போட்டுவிட்டார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்து. மவுஸுக்கு வேலையே இல்லை. மொழியின் பெயர் கோபால். "என் வாழ்க்கை போச்சுடா" என்று அறைத் தோழனிடம் புலம்பினேன்.

அந்த 80 என்ற கணக்கு, ஐ.பி.எம். 1928-ல் கொண்டுவந்த துளை அட்டையிலிருந்து வந்தது. 1971-ல் வந்த 3270 திரை, நாம் தட்டுவதையெல்லாம் தன்னிடமே வைத்திருந்து, என்டர் போன்ற விசையை அழுத்தினால்தான் பெரிய கணிப்பொறிக்கு அனுப்பும். அதனால்தான் ஒரே கணிப்பொறி நூற்றுக்கணக்கானவர்களைத் தாங்கியது. அதில் ஓடும் ஐ.எஸ்.பி.எஃப். எடிட்டரில் 'எக்ஸ் ஆல்' என்றால் எல்லா வரியும் மறையும்; பிறகு ஒரு சொல்லைத் தேடச் சொன்னால் அந்தச் சொல் உள்ள வரிகள் மட்டும் எழுந்து நிற்கும். கை பழகியவர்களுக்கு யோசனை அறுபடுவதே இல்லை. கணிப்பொறி ஒரு நொடிக்குள் பதில் சொன்னால், மிச்சமான நேரத்தைவிட அதிகமாகவே வேலை நடக்கிறது என்று ஐ.பி.எம்.மைச் சேர்ந்த டோஹர்ட்டியும் தடானியும் 1982-லேயே எழுதினார்கள்.

பிறகு எங்கள் குழுவுக்கு எக்லிப்ஸ் வழி வந்த புதிய ஐ.டி.இ. வந்தது. வண்ண எழுத்து, தட்டும்போதே பிழைக்கு அடிக்கோடு. "பச்சைத் திரைக்கு ஒரு கும்பிடு" என்றேன்.

ஒரு நாள் ராத்திரி, வங்கியின் கணக்கு முடிக்கும் ஓட்டம் பாதியில் விழுந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை என்ற பிழை. குறிப்பிட்ட அந்தப் புலத்தின் பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று ஐ.டி.இ.யில் பார்த்தேன். பதினோரு இடம், பதினொன்றும் சரி. இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. எங்கள் மூத்த அக்கா வந்து பச்சைத் திரையைத் திறந்தார். அவர் தேடியது புலத்தின் பெயரை அல்ல. அது அடங்கிய ரெக்கார்டின் பெயரை. ஒரு வரி ரெக்கார்டு முழுவதையும் வெற்றிடத்தால் நிரப்பியிருந்தது. எண்ணுக்கான இடமும் அதில் மாட்டிக்கொண்டது. அன்றுதான் முதன்முறை வந்த ஒரு வகைக் கணக்கு அந்த வழியில் போயிருக்கிறது.

"பேரைத் தேடாதப்பா. அது குடியிருக்கிற வீட்டைத் தேடு" என்றார்.

அப்படியானால் பச்சைத் திரை ஜெயித்ததா? இல்லை. அந்தத் தேடலை ஐ.டி.இ.யிலும் செய்திருக்கலாம். எனக்குத்தான் எதைத் தேடுவதென்று தெரியவில்லை. மறுநாள் ஐ.டி.இ.யில் வரிவரியாக ஓடவிட்டு, மதிப்பு கெடும் இடத்தைக் காட்டினேன். "இதை முன்னாடியே காட்டியிருந்தா எத்தனை ராத்திரி மிச்சமாயிருக்கும்!" என்றார் அக்கா. மென்பொருளின் உண்மையான கடினம் அதை எழுதும் கருவியில் இல்லை, அந்த விஷயத்திலேயே இருக்கிறது என்று பிரெட் புரூக்ஸ் 1986-ல் எழுதியதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

அடுத்த ஆண்டு அக்கா வேலையை விட்டுப் போனார். அவருக்குத் தெரிந்தவை எந்தக் கருவியிலும் பதிவாகியிருக்கவில்லை. கடைசி மாதம் தினமும் அரைமணி உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதி வாங்கினேன். பாதிதான் முடிந்தது. மீதி போனது போனதுதான்.

தம்பி தங்கைகளே, இன்று புரோகிராமை எழுதியே தரும் கருவிகளும் வந்துவிட்டன. தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒரு வரியை மாற்றுமுன் சுற்றியுள்ள ஐந்நூறு வரியைப் படியுங்கள். பக்கத்து மேசையில் ஓர் அக்காவோ அண்ணனோ இருந்தால், இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். மெயின்பிரேமில் போட்டுவிட்டார்களே என்று மட்டும் அழாதீர்கள். அந்தக் கண்ணீரை நானே உங்களுக்கும் சேர்த்து விட்டாயிற்று.