கைக்கு வராத பரிசு



கைப்பேசித் திரையில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் படப் பரிசுகளுக்கு உண்மையில் மதிப்பு என்ன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும்.

2007-ம் வருஷத்தில் பேஸ்புக் கம்பெனியார் ஒரு சிறு படம் ஒரு டாலர் என்று பரிசு வியாபாரம் ஆரம்பித்தார்கள். வெறும் படந்தான், தின்னவும் முடியாது, சூடவும் முடியாது. 2010 ஆகஸ்டில் அக்கடையை மூடிவிட்டார்கள். படத்துக்கு டாலர் கொடுத்தவன் முட்டாள் என்று சிலர் சிரிக்கலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். முன்பெல்லாம் கல்யாண வீட்டிற்கு வந்த வாழ்த்துத் தந்தியையுந்தான் தின்ன முடியாது. நம்மை நினைத்து அனுப்பினாரே என்பதுதான் அதன் மதிப்பு.

ஆனால் அன்புக்காக அனுப்புவது வேறு. பிறர் பசிக்காக அனுப்புவது வேறு. நம் நாட்டில் 2020-ல் தடை செய்யப்பட்ட டிக்டாக்கில், ரோஜாப் படமோ சிங்கப் படமோ அனுப்பினால் அது பெறுகிறவருக்குப் பணமாக மாறும். 2022-ல் சிரியாவின் அகதி முகாம்களில் ஏழைக் குடும்பங்கள் குழந்தைகளோடு மணிக்கணக்காய்க் கேமராவின் முன் உட்கார்ந்து பரிசு கேட்டன. பி.பி.சி. நிருபர்கள் லண்டனிலிருந்து, சிரியாவிலிருந்த ஒரு சோதனைக் கணக்குக்கு 106 டாலர் பெறுமான பரிசுகளை அனுப்பிப் பார்த்தார்கள். போய்ச் சேர்ந்தது 33 டாலர். அதிலும் பணம் மாற்றும் கடைக்காரனுக்கு 100-க்கு 10. மிச்சத்தில், கைப்பேசி கொடுத்து உட்காரவைத்த தரகனுக்கு 100-க்கு 35. கடைசியில் ஒரு குடும்பத்துக்கு எஞ்சக்கூடியது 19 டாலர்!

தாங்கள் எடுப்பது 100-க்கு 70-ஐவிட மிகக் குறைவு என்றார்கள் கம்பெனியார். எவ்வளவு என்று மாத்திரம் சொல்ல மறுத்துவிட்டார்கள். குறைவென்றால் சொல்லுவதற்கு என்ன கஷ்டம் என்று கேட்கின்றேன்.

“இஷ்டப்பட்டுத்தானே கொடுக்கிறான், கட்டாயப்படுத்தினவர் யார்?” என்பார்கள். இதில் ஐந்தில் ஒரு பங்குகூட அந்தக் குழந்தைக்குப் போகாது என்று முன்னமேயே சொல்லி, அதன்பின் அவன் கொடுத்திருந்தால் அது இஷ்டம். சொல்லாமல் வாங்கிவிட்டு, அவனுடைய அறியாமைக்கு இஷ்டமென்று பெயர் வைப்பது நியாயமாகுமா? யோசித்துப் பாருங்கள்.

ஆகவே தோழர்களே, இப்படிப்பட்ட பரிசின் மதிப்பு திரையில் கர்ஜிக்கும் சிங்கத்தில் இல்லை. பெறுகிறவர் கையில் விழும் காசில்தான் இருக்கின்றது. ஒவ்வொரு பரிசுப் படத்தின் கீழும், பெறுகிறவருக்கு இவ்வளவு, கம்பெனிக்கு இவ்வளவு என்று போடும்படி சட்டம் வேண்டும். அது வரும்வரை, எந்தத் திரையில் பரிசு அனுப்பினாலும் கணக்கைக் கேளுங்கள். கணக்குக் காட்டாதவர்களை விட்டுவிட்டு, காட்டுகிறவர்கள் மூலம் உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகின்றேன்.