குரல் முந்தியது: பிங் கிராஸ்பியின் வானொலியும் திரையும்

  

அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பியை (1903–1977) ஆளாக்கியது திரைப்படமே, வானொலி அதற்கு வெறும் விளம்பரத் தட்டி என்று நம் துறை நண்பர்கள் இருபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இந்த அரங்கின் முன்வரிசையில் இருக்கும் இருவர் அதை அச்சிலும் ஏற்றிவிட்டார்கள். அன்றும் மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன். வானொலியில் கற்ற பாட்டைத்தான் அவர் திரையில் பாடினார்.

1930இல் வந்த 'கிங் ஆஃப் ஜாஸ்' படத்தை எடுத்துக்காட்டுவார்கள். அதில் அவர் மூவர் குழுவில் ஒருவர், அவ்வளவுதான். 1931இல் சி.பி.எஸ். வானொலியில் தனி நிகழ்ச்சி தொடங்கிய பிறகு, 1932இல் 'தி பிக் பிராட்காஸ்ட்' படத்தில் அவர் ஏற்றதே வானொலிப் பாடகர் வேடம்!

என் முதன்மைச் சான்று 'ஒயிட் கிறிஸ்துமஸ்'. இர்விங் பெர்லின் இயற்றிய இப்பாடல் இடம்பெற்ற 'ஹாலிடே இன்' 1942 ஆகஸ்டில் வெளியானது. கிராஸ்பியோ 1941 டிசம்பர் 25 அன்றே 'கிராஃப்ட் மியூசிக் ஹால்' வானொலி நிகழ்ச்சியில் அதைப் பாடிவிட்டார். பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. இசைத்தட்டுக்குப் பாடியது 1942 மே மாதத்தில். படம் மூன்றாவதாகத்தான் வருகிறது.

தேதி மட்டும் போதாது என்பீர்கள். படத்தில் இப்பாடல் வரும் காட்சியைப் பாருங்கள். மேடை இல்லை, கூட்டம் இல்லை. விடுதியின் கூடம், ஒரு பியானோ, அருகில் ஒரு பெண். மேடைப் பாடகர் கடைசி வரிசைக்கும் எட்டும்படி குரலை வீசுவார். இவரோ அவள் காதுக்கு எட்டினால் போதும் என்று பாடுகிறார். நடுவே கிறிஸ்துமஸ் மரத்து மணிகளைப் புகைக்குழாயால் மெல்லத் தட்டுகிறார். குரலை உயர்த்தாமலே சொல்லுக்கு எடை கூட்டும் இந்தப் பக்குவம், எங்கோ ஒரு வீட்டில் தனித்திருந்து கேட்பவரை நினைத்து ஆண்டுக்கணக்கில் மைக் முன்னால் பாடியதால் வந்தது.

இறுதிப் பகுதியில் பாடல் திரும்ப வருகிறது. கதைப்படி, ஹாலிவுட் படப்பிடிப்புத் தளம் ஒன்றில் அதே கூடத்தை அமைத்திருக்கிறார்கள். பியானோ மேல் அவருடைய புகைக்குழாய். பாட வந்த அதே பெண் அதைக் கண்டு தடுமாறுகிறாள், தொடர்கிறாள். அப்போது அவர் குரல் வந்து சேர்கிறது. ஆள் பிறகுதான் தெரிகிறார். வானொலி கேட்ட மக்கள் அவரை அறிந்துகொண்ட வரிசையும் இதுதானே! இக்காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் என் தொண்டை அடைக்கிறது.

'கோயிங் மை வே' (1944) ஆஸ்கர் பெற்றுத் தந்த நடிப்பு. அதிலும் பேச்சின் நிதானம் வானொலியுடையதே. விரிக்க நேரமில்லை.

இனிச் செய்யவேண்டியவை: 'ஒயிட் கிறிஸ்துமஸ்' மூலத்தட்டு தேய்ந்ததால் 1947 மார்ச்சில் கிராஸ்பி அப்பாடலை மீண்டும் பதிவுசெய்தார்; இரண்டு பதிவுகளையும் அருகருகே கேட்டு ஒப்பிட வேண்டும். அதே ஆண்டு அவர் நிகழ்ச்சி ஒலிநாடாவுக்கு மாறியதால் பாடும் முறை மாறியதா என்று பார்க்க வேண்டும். 'ஹாலிடே இன்' நாயகி மார்ஜோரி ரெனால்ட்ஸுக்குப் பின்னணி பாடிய மார்த்தா மியர்ஸ் தனி ஆய்வுக்கு உரியவர். மாணவர் யாரேனும் எடுத்துக்கொண்டால் என் குறிப்பேடுகளைத் தருகிறேன்.