உறக்கம் கலைத்த பறவைகள்

அமெரிக்காவின் மேற்றிசையை ஆராயச் சென்ற லூயிஸ், கிளார்க் குழுவினர், 1805 நவம்பரில் கொலம்பியா ஆற்றின் வழியே பசிபிக் கடலை நெருங்கினர். அங்கு ஓரிரவு அன்னங்களும் பெருவாத்துக்களும் காட்டுத் தாராக்களும் எழுப்பிய பேரிரைச்சலால் உறங்க இயலவில்லையென்று கிளார்க் தம் நாட்குறிப்பில் குறைபட்டுக்கொண்டார். அத்தகைய பறவைகளே அவர்களுக்கு உணவாகவும் உதவின.

1806 மார்ச்சில், திரும்பும் வழியில், வளையக்கழுத்துத் தாராவின் தோற்றத்தை லூயிஸ் நுணுகி நோக்கி எழுதிவைத்தார். விஞ்ஞான உலகம் அதற்குப் பெயர் சூட்டியதோ 1809-இல்தான்!

பிற்காலத்தில் குடியேறியோர் கரைகட்டிச் சதுப்பு நிலங்களை வயல்களாக்கினர். பறவைகளின் தங்குமிடம் சுருங்கிற்று. 1965-இல் அவ்வாற்றங்கரையிலேயே ரிட்ஜ்ஃபீல்டு புகலிடம் நிறுவப்பெற்றது. குளிர்காலந்தோறும் அவ்வாரவாரம் அங்கே இன்றும் எழுகின்றது. அன்று ஒருவர் உறக்கத்தைக் கெடுத்த ஒலியை இன்று ஒரு நாடே சட்டமியற்றிக் காத்துவருகின்றது.